விதையிலிருந்து லித்தாப்ஸ்: பூ பார்க்க மூன்றரை வருஷம்

2025 மார்ச் 19, மதியம் 2.40. பதினான்காம் எண் தொட்டியில் இருந்த, கூழாங்கல் மாதிரி தெரியும் லித்தாப்ஸ் லெஸ்லி செடி பூ விரித்தது. மஞ்சள் பூ, குறுக்களவு 34 மி.மீ. செடியே 27 மி.மீ. அகலம்தான், அதனால் மேலிருந்து பார்த்தால் செடி தெரியவில்லை. சாயங்காலம் குவிந்துகொண்டது, மறுநாள் மதியம் திரும்ப விரிந்தது, இப்படி ஆறு நாள். விதை போட்டது 2021 செப்டம்பர் 28. அந்தப் பூவில் பிடித்த காய் போன டிசம்பரில் முற்றி விதையும் கைக்கு வந்துவிட்டது. நடுவே என்னென்ன செத்தது, எதனால் செத்தது என்று நோட்டில் இருப்பதை வரிசையாக எடுத்துப் போடுகிறேன்.

வளர்த்த இடம் ஜோஹன்னஸ்பர்க், வீட்டுப் பின்பக்கம், வடக்கு பார்த்த சுவரோரம். வடக்கு என்பதைக் கவனிக்கவும். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். முதல் தப்பு அதில்தான் ஆரம்பித்தது.

செடியைத் தெரியாதவர்களுக்கு: தடித்த இரண்டு இலை ஒட்டி ஒரு கூம்பு, நடுவில் ஒரு கீறல். கூம்பு மண்ணுக்குள் புதைந்திருக்கும், தட்டையான தலை மட்டும் சுற்றியுள்ள கல்லின் நிறத்தில் வெளியே தெரியும். அந்தத் தலையில் ஜன்னல் மாதிரி ஒளி ஊடுருவும் பகுதி இருக்கிறது. வெயில் அது வழியாக இறங்கி உள்சுவரில் இருக்கும் பச்சையத்தைத் தொடும். 1811இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வில்லியம் பர்ச்செல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பக்கம் விசித்திர வடிவக் கூழாங்கல் என்று குனிந்து எடுத்தது இந்தச் செடியைத்தான். லித்தாப்ஸ் என்ற பேரினப் பெயரைத் தாவரவியலாளர் என். ஈ. பிரௌன் வைத்தது 1922இல். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானாவின் ஓரம், இவ்வளவுதான் இதன் ஊர்.

எல்லா லித்தாப்ஸும் ஒரே பாலைவனத்துச் செடி என்று நினைத்ததில்தான் அதிகம் இழந்தேன். வளர்த்தது நாலு இனம். அதில் லெஸ்லி, ஹைவெல்ட் என்ற இந்த மேட்டுநிலப் புல்வெளியின் பாறை மேடுகளில் தானாக வளர்வது. இங்கே வருஷத்துக்கு ஏறத்தாழ 700 மி.மீ. மழை, அதாவது சென்னையில் பெய்வதில் பாதி. பாலைவனம் என்றே சொல்ல முடியாது. மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை, குளிர்காலம் முழுக்க வறட்சி. அவுகாம்பியே தென்னாப்பிரிக்காவின் போஸ்ட்மாஸ்பர்க் பக்கத்து இரும்புக்கல் பூமிக்காரி. அங்கேயும் கோடை மழைதான், ஆனால் பாதிகூட இருக்காது. கராஸ்மொன்டானா தெற்கு நமீபியாவின் கராஸ் மலைப் பக்கம். அருகிலிருக்கும் கீட்மான்ஸ்ஹூப்பில் வருஷ மழை 150 மி.மீ. சுமார். ஆப்டிகா நமீபியாவின் லூடெரிட்ஸ் கடலோரம். அங்கே வருஷத்துக்கு 20 மி.மீட்டர்கூடத் தேறாது. கடலிலிருந்து வரும் மூடுபனிதான் தண்ணீர், வளர்ச்சி குளிர்காலத்தில். இந்த நாலையும் ஒரே தட்டில் போட்டு ஒரே பூவாளியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

முதல் சுற்று, ஏப்ரல் 2021

இங்கிலாந்து, ஜெர்மனிக்காரர்கள் எழுதிய முறைப்படி ஏப்ரலில் விதைத்தேன், வெளிச்சத்துக்குத் தெற்குச் சுவரோரம் வைத்தேன். அவர்களுக்கு ஏப்ரல் வசந்தம், தெற்கு வெயில் பக்கம். இங்கே ஏப்ரலில் வெயில் தணிய ஆரம்பித்துவிடும், தெற்குச் சுவரோரம் நாள் முழுக்க நிழல். 120 விதையில் 80 முளைத்ததென்னவோ உண்மை. மூன்று வாரத்தில் எல்லாம் வெளிறி, நெட்டையாக நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. வடக்குப் பக்கம் மாற்றுவதற்குள் ஜூன் வந்துவிட்டது. இரவில் 3, 4 டிகிரி. 2 மி.மீ. கன்று அந்தக் குளிரில் வளரவும் இல்லை, தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. ஈரம் நின்ற இடத்தில் அடித்தண்டு அழுகியது. ஆகஸ்டில் மிச்சம் ஒன்பது, செப்டம்பரில் அதுவும் இல்லை.

மண்ணும் தப்பு. இங்கே கடையில் மணல் என்றால் பூச்சு மணல், கட்டட மணல், ஆற்று மணல் என்று மூன்று வகை. முதல் சுற்றில் போட்டது பூச்சு மணல். நைசான சிவப்புத் தூளும் களியும் கலந்தது, இரண்டு தடவை காய்ந்ததும் மேலே ஓடு கட்டிவிடும். முளைத்த வேர் அந்த ஓட்டைத் துளைக்க முடியாமல் படுத்துவிடுகிறது. பத்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் ஏழு கன்று வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்ததை லென்ஸில் பார்த்த பிறகுதான் மண்ணைச் சந்தேகப்பட்டேன்.

மண்

சோதனை எளிது. பக்கவாட்டில் அல்ல, அடியில் மட்டும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அரை லிட்டர் கலவையைப் போட்டு ஒரு தடவை நனைக்கவும். வடிந்ததும் 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, மேலே தேங்கியது மறைய எத்தனை விநாடி என்று பார்க்கவும். பூச்சு மணல் கலவை 3 நிமிஷம் 20 விநாடி எடுத்தது. இப்போது பயன்படுத்துவது 9 விநாடி. 20 விநாடிக்கு மேல் போனால் அந்தக் கலவையை ரோஜாவுக்குக் கொடுத்துவிடலாம்.

விதைக்கும் கலவை, கொள்ளளவுப்படி: நீச்சல் குளம் வடிகட்டும் மணல் 5 பங்கு, பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிக்கல் 3, சலித்த மட்கு 2. குளத்து மணல் இங்கே நாற்பது கிலோ மூட்டையாக வரும். கழுவியது, கூர்மையானது, களி கிடையாது. வேறு ஊரில் கிடைக்காவிட்டால் ஆற்று மணலை மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுவதை எறிந்துவிட்டு மேலே தங்குவதை எடுத்தாலும் சரி. ரவையைவிடச் சிறியது எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பெரிய செடிக்குக் கலவை வேறு: குளத்து மணல் 4, மிளகு அளவுக்கு உடைத்த செங்கல் 4, பெர்லைட் 1, மட்கு 1. செங்கல் உடைப்பதுதான் தொல்லை. சாக்கில் சுற்றிச் சுத்தியால் அடித்து, தூளைக் கழுவித் தள்ள வேண்டும். பத்து லிட்டர் கலவைக்கு ஒன்றரை மணி நேரம் போயிற்று.

விதைக் கலவையில் கொதிநீரை ஊற்றி ஆறவைத்தால் போதும். அடுப்பில் வைத்து வறுத்தும் பார்த்தேன், முளைப்பில் வித்தியாசம் இல்லை, வீடு முழுக்க நாற்றம்தான் மிச்சம்.

இரண்டாம் சுற்று, செப்டம்பர் 28, 2021

விதை இங்கேயுள்ள நர்சரியில், கோல் எண் போட்டது. டெஸ்மண்ட் கோல், நவ்ரீன் கோல் தம்பதி தென்னாப்பிரிக்கா, நமீபியா முழுக்க அலைந்து, ஒவ்வொரு செடிக் கூட்டத்துக்கும் சி-1 தொடங்கி நானூறுக்கு மேல் எண் கொடுத்துவைத்தார்கள். டெஸ்மண்ட் இதே ஊர் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர், செடி அவருக்குக் கூடுதல் வேலை. எண் இருந்தால் அந்த விதை எந்த இடத்துக் கூட்டத்தின் வாரிசு, அங்கே மழை எப்போது என்பது தெரிந்துவிடும். அதற்காகவே எண் இல்லாத ‘கலவை விதை’ வாங்க வேண்டாம் என்கிறேன். காட்டில் இருக்கும் செடியை அனுமதி இல்லாமல் எடுப்பது இங்கே குற்றம். அதற்கு அவசியமும் இல்லை.

லெஸ்லி 100, அவுகாம்பியே 50, கராஸ்மொன்டானா 50, ஆப்டிகா 30, மொத்தம் 230 விதை. கசகசாவைவிடச் சின்னது. நாலாக மடித்த காகிதத்தில் கொட்டி, ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு காய்ந்த ரவை மணலைக் கலந்து, காகிதத்தைத் தட்டித் தட்டித் தூவினால் சீராக விழும். மேலே மண் மூடக்கூடாது. தட்டை அடியிலிருந்து தண்ணீரில் வைத்து, மேல்மண் நிறம் மாறியதும் எடுத்து, மேலே கண்ணாடி. பகலில் 26, இரவில் 14 டிகிரி இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு முளைப்புக்கு உதவும். ஐந்தாம் நாள் முதல் பச்சைப் புள்ளி. பதினெட்டாம் நாள் எண்ணியபோது லெஸ்லி 71, அவுகாம்பியே 38, கராஸ்மொன்டானா 33, ஆப்டிகா 14.

வேர் வெளியே தெரியும் கன்றை அப்படியே விடக்கூடாது. பல்குச்சியின் நுனியால் பக்கத்தில் ஒரு பள்ளம் குத்தி, வேரைத் தள்ளி, மேலே ஒரு சிட்டிகை மணல். 156 கன்றில் இருபத்திரண்டுக்கு இதைச் செய்தேன். நாலு தவிர மற்றதெல்லாம் நின்றுகொண்டன.

நவம்பர் 6: கராஸ்மொன்டானா தட்டின் கண்ணாடியைக் காலையில் எடுக்க மறந்தாயிற்று. மதியம் உள்ளே வைத்த வெப்பமானியில் உச்சம் 47 டிகிரி. சாயங்காலம் பதினெட்டுக் கன்று வேகவைத்த பட்டாணி மாதிரி கண்ணாடிப் பச்சையாகத் தெரிந்தது, தொட்டால் நசுங்கியது. முளைத்துப் பத்து நாள் ஆனதும் கண்ணாடியைத் தினமும் ஒரு விரற்கடை தூக்கிவைத்து, மூன்றாம் வாரம் முழுதாக எடுத்துவிட வேண்டும். மறதிக்காரர்கள் கண்ணாடிக்குப் பதில் கொசுவலைத் துணியைப் போட்டுத் தினம் இரண்டு வேளை தெளிக்கலாம். முளைப்பு கொஞ்சம் குறையும், வெந்து சாகாது.

அதே மாதக் கடைசியில் கொசு மாதிரிச் சின்னக் கறுப்பு ஈ வந்தது. ஈ ஒன்றும் செய்யாது, ஈர மட்கில் அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு வேரைத் தின்னும். மேலே நன்றாக இருக்கும் கன்று, ஊதினால் பறந்துவிடும், அடியில் வேர் இருக்காது. லெஸ்லி 11, அவுகாம்பியே 7, ஆப்டிகா 3 போயிற்று. மஞ்சள் ஒட்டும் அட்டை ஈயைப் பிடித்ததே தவிர நிறுத்தவில்லை. நின்றது மேலே 3 மி.மீ. தடிமனுக்குக் கடுகு அளவு பொடிக்கல் தூவி, தண்ணீரை அடிவழியாக மட்டும் கொடுத்த பிறகு. அதை முளைத்த மூன்றாம் வாரமே செய்திருக்கலாம்.

முதல் குளிர்காலம்

பெரிய இழப்பு இங்கேதான். வளர்ந்த லெஸ்லிக்கு மே முதல் ஆகஸ்ட் வரை சொட்டுத் தண்ணீர் கூடாது. அதைப் படித்துவிட்டு எட்டு மாதக் கன்றுக்கும் நிறுத்தினேன். 4 மி.மீ. உடம்பில் சேமித்துவைக்க என்ன இருக்கிறது? ஜூலை முடிவதற்குள் லெஸ்லி 17, அவுகாம்பியே 9, கராஸ்மொன்டானா 4 சருகாகிவிட்டன. பதினைந்து மாதம் ஆகும்வரை கன்றைக் காயப்போடக்கூடாது. குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை, வெயில் உள்ள நாளில் காலை பத்து மணிக்கு, சாயங்காலத்துக்குள் மேல்மண் காய்கிற அளவுக்கு மட்டும். அதற்கு அடுத்த குளிர்காலம் மைனஸ் 2 போன இரவில்கூட ஒரு வருஷம் தாண்டிய செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் காய்ந்திருந்தால் உறைபனி பிரச்சினையே இல்லை.

தொட்டி மாற்றியது, ஆலங்கட்டி, பறவை

2022 அக்டோபரில் தனித் தொட்டி. 7 செ.மீ. சதுரம், 9 செ.மீ. ஆழம். உடம்பு 8 மி.மீ. இருந்த லெஸ்லிக்கு வேர் 6 செ.மீ. இருந்தது, ஆழம் குறைந்த போன்சாய் தட்டெல்லாம் அழகுக்குத்தான். பிடுங்கிய செடியை நிழலில் மூன்று நாள் காயவைத்து, தோள்வரை புதைத்து நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். இரண்டு செடியின் வேரில் வெள்ளைப் பஞ்சு, அதாவது வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணைத் தூக்கி எறிந்து, வேரைக் குழாயடியில் கழுவி, ஐந்து நாள் காயவைத்ததில் இரண்டும் பிழைத்தன.

கறுப்புத் தொட்டி வாங்காதீர்கள். ஜனவரி மதியம் வெளிக்காற்று 29 டிகிரி இருக்கும்போது கறுப்புத் தொட்டியின் பக்கச்சுவர் 51 காட்டியது. காட்டில் இந்தச் செடியின் உடம்பு மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருக்கும், தொட்டியில்தான் வேர் சுடுகிறது. ஏற்கனவே வாங்கியாயிற்று என்பதால், பழைய பழப்பெட்டியில் மணல் நிரப்பி, தொட்டிகளைக் கழுத்துவரை இறக்கினேன். அதே நேரத்தில் 37 டிகிரி.

மேலே பாலிகார்பனேட் கூரை, நவம்பரிலிருந்து ஜனவரி வரை 40 சத நிழல்வலை. வலையை ஆலங்கட்டிக்காகப் போடவில்லை என்றாலும் அதுதான் காப்பாற்றியது. 2022 நவம்பரில் நெல்லிக்காய் அளவுக்கு விழுந்தபோது கூரையில் விரிசல், செடிக்கு ஒரு கீறலும் இல்லை. பறவைதான் எதிர்பாராதது. வறண்ட செப்டம்பரில் ஈரமான எதையும் கொத்தும். ஒரே காலையில் ஆறு செடி, லெஸ்லி மூன்று, அவுகாம்பியே மூன்று. அன்றைக்கே அரை அங்குலக் கோழிவலை அடித்தேன்.

இலை மாறும்போது தண்ணீர்

இதை ஒரு செடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஜூலையில் கீறல் லேசாக அகலும். டார்ச் அடித்தால் உள்ளே, பழைய சோடிக்குக் குறுக்காக, ஈரப் பளபளப்போடு புதுச் சோடியின் நெற்றி தெரியும். அன்றிலிருந்து பழைய இலை தன் தண்ணீரைப் புதியதுக்குக் கொடுத்துக்கொண்டே போகும். முதலில் தோலில் சுருக்கம், அப்புறம் தோல்பை மாதிரி தொளதொளப்பு, கடைசியில் வெங்காயச் சருகு. அக்டோபரில் சருகு மட்டும் கழுத்தைச் சுற்றி நிற்கும். பார்க்க அநியாயத்துக்குத் தாகமாகத் தெரியும். கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகும். 2023 ஆகஸ்டில் போனது. ஒரே ஒரு தடவை, எட்டுத் தொட்டிக்கு. பழைய இலை திரும்ப உப்பிவிட்டது, புதியது அதற்குள் நெருக்கப்பட்டு இரண்டு செடி பக்கவாட்டில் வெடித்து அழுகின. மற்ற ஆறும் மாடிமேல் மாடி மாதிரி மூன்று சோடியோடு ஒன்றரை வருஷம் நின்றன, அவற்றில் எதுவும் இன்னும் பூக்கவில்லை. சருகை விரலால் உரிக்கவும் வேண்டாம், கழுத்து கிழியும்.

எப்போது ஊற்றுவது என்பதற்குச் சமையல் தராசு வைத்திருக்கிறேன். தொட்டி நன்றாக நனைந்து வடிந்தபின் 430 கிராம், முழுக்கக் காய்ந்தால் 372. கோடையில் 375க்கு இறங்கியபின் ஐந்து நாள் விட்டு ஊற்றுகிறேன். தராசு இல்லாவிட்டால் காலையில் பக்கத்துத் தோலைப் பார்க்கலாம். சாயங்காலச் சுருக்கம் சகஜம். விடிந்தும் சுருக்கம் போகவில்லை என்றால்தான் தாகம்.

ஆப்டிகா

பதினான்கு முளைத்து, ஈக்குப் பின் பதினொன்று. மற்றவற்றோடு சேர்த்துக் குளிர்காலத்தில் காயப்போட்டதில் ஐந்து போயிற்று. அது அதன் வளரும் பருவம், தண்ணீர் கேட்கும் நேரம். கோடையில் எல்லோருக்கும் ஊற்றியபோது அதற்கும் ஊற்றியதில் நாலு அழுகியது. மிஞ்சிய இரண்டும் இப்போது தனித் தட்டில். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாரம் ஒரு தெளிப்பு, டிசம்பர், ஜனவரியில் மாதம் ஒரு சிட்டிகைத் தெளிப்பு. இரண்டும் இன்னும் 9 மி.மீ.தான். கடல் மூடுபனியைத் தொட்டியில் கொண்டுவர முடியாது. முதல் தடவை வளர்ப்பவர் இதை வாங்க வேண்டாம். லெஸ்லி, அவுகாம்பியே இரண்டும்தான் தப்பை மன்னிக்கிறவை.

பூவும் விதையும்

இன்றைக்கு உயிரோடு இருப்பது லெஸ்லி 38, அவுகாம்பியே 19, கராஸ்மொன்டானா 11, ஆப்டிகா 2. போன வருஷம் பூத்தது லெஸ்லியில் ஒன்பது, அவுகாம்பியேயில் நாலு. தன் மகரந்தம் தனக்குப் பிடிக்காத செடி. ஒரே நேரத்தில் இரண்டு தனிச் செடி பூத்தால்தான் விதை. பூ விரிந்த மூன்றாம் நாள், மதியம் மூன்று மணி, பூஜ்ய எண் தூரிகையால் 14ஆம் தொட்டிக்கும் 22ஆம் தொட்டிக்கும் மாற்றி மாற்றித் தடவினேன். இரண்டிலும் காய் பிடித்தது. முற்ற ஒன்பது மாதம். பழைய இலை சருகாகி, காய் பழுப்பாகிக் கையோடு வரும்வரை பறிக்கக்கூடாது.

காய்ந்த காய் மரப்பொத்தான் மாதிரி இறுகியிருக்கும். கரண்டியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டால், அரை நிமிஷத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒவ்வொரு மடலாகத் திறந்து ஆறுமுனை நட்சத்திரமாகிவிடும். பாலைநிலத்தில் மழை வந்தால் மட்டும் கதவைத் திறந்து, துளி வந்து மோதும் வேகத்தில் விதையைச் சிதறவைக்கும் ஏற்பாடு. காய்ந்தால் மூடிக்கொள்ளும். திறந்த காயில் சொட்டு மருந்துக் குழலால் வேகமாகப் பீச்சி, கலங்கிய தண்ணீரைக் காபி வடிகட்டும் காகிதத்தில் ஊற்றி, நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். இரண்டு காயில் 310 விதை எண்ணினேன்.

செலவு: விதை 260 ராண்ட், குளத்து மணல் 150, பெர்லைட் 120, தொட்டி எண்பதுக்கு 240, பாலிகார்பனேட், கோழிவலை, மரம் சேர்த்து 900 சொச்சம், உச்ச-தாழ்வு வெப்பமானி 180. மொத்தம் 1,850 ராண்ட். கூரையில் பாதிப் பணம் போயிற்று, ஆனால் அதில் குறைக்க மாட்டேன். ஒட்டும் அட்டைக்குத் தனியாகப் போன 85 ராண்டை மிச்சம் பிடித்திருக்கலாம்.

புது விதையை உடனே போட்டால் முளைப்பு மந்தம் என்பதால் 310ஐயும் மூன்று காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்தாயிற்று. விதைப்பு இந்த செப்டம்பர் மூன்றாம் வாரம், கொசுவலைத் துணி போட்டு, பொடிக்கல்லோடு. உறையிலும் தொட்டிப் பட்டையிலும் பென்சிலால் எழுதவும். மார்க்கர் எழுத்து இந்த வெயிலில் எட்டு மாதம்கூட நிற்கவில்லை, கராஸ்மொன்டானாவில் மூன்று தொட்டியின் கோல் எண் அப்படித்தான் தொலைந்தது.